கனாக் கண்ட பிராட்டியும் கனவு காணும் மாந்தரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கனவால் எழுந்த ஊர். மல்லி நாட்டு வேடர் குலத்தில் வில்லி, கண்டன் என்னும் சகோதரர் இருவர் இருந்தனர். வேட்டைக்குச் சென்றவிடத்தில் கண்டனைப் புலி கொன்றது. அதனை அறியாது காடெங்கும் தேடியலைந்த வில்லி, களைத்து ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தான். அவன் கனவில் எம்பெருமான் எழுந்தருளி, கண்டனுக்கு நேர்ந்ததை உரைத்து, ஆலமரத்தடியில் தான் பள்ளிகொண்டிருக்கும் இடத்தையும் காட்டி, காடு திருத்திக் கோயிலும் ஊரும் சமைக்குமாறு பணித்தருளினான் என்பது தல வரலாறு. உடன்பிறந்தானைப் பறிகொடுத்த ஒருவன் துயரத்தில் கண்ட கனவே இத்திவ்வியதேசத்திற்கு அடித்தளமாயிற்று.

பின்னர் வந்த வரலாறும் கனவுகளாலேயே நடக்கின்றது. மதுரை சென்று பாண்டியன் அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டுமாறு விஷ்ணுசித்தருக்கு வடபெருங்கோயிலுடையான் கனவில் நியமித்தான். கோதை சூடிக் களைந்த மாலையே தனக்கு உகந்தது என்று அறிவித்ததும் கனவிலேதான். அக்கோதையோ தன் திருமணத்தையே கனவிற் கண்டாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் ‘வாரணமாயிரம்’ என்று வழங்கும் ஆறாம் திருமொழி முழுவதும் அக்கனவே. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணை நதி பாயும் நாட்டிலுள்ள ஸ்ரீகாகுளம் என்னும் தலத்தில் ஏகாதசி உபவாசம் இருந்தார். அன்றிரவின் கடையாமத்தில் ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, ஆண்டாளின் திருமணக் கதையைத் தெலுங்கிற் பாடுமாறு ஆணையிட்டதாகத் தம் ‘ஆமுக்தமால்யதா’ காவியத்தின் முகப்பில் அம்மன்னரே எழுதியுள்ளார்.

ஆடிப்பூரத் தேர்வடம் பிடிக்க விருதுநகர், சிவகாசி, சாத்தூர், இராஜபாளையம் முதலிய ஊர்களிலிருந்து வந்து குழுமும் அன்பர்களும் நேற்றிரவு ஏதோ ஒரு கனவு கண்டே வந்திருப்பர். அவற்றுட் சில நினைவிலிருக்கும், பல மறந்திருக்கும். சிலரை அக்கனவு இன்னமும் அச்சுறுத்திக்கொண்டிருக்கும். இக்கனவுகளுக்குள் பொதுவானது உண்டா? அச்சந்தரும் கனவு கண்டவர் யாது செய்யத்தகும்? இவ்விரு வினாக்களுக்கும் இன்றைய ஆராய்ச்சியும் ஆண்டாள் திருமொழியும் ஒருங்கே விடை தருகின்றன.

உறக்கத்தின் நடை

உறக்கம் இரவு முழுவதும் ஒரே தன்மையதன்று. மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் விரைந்தோடும் ஒருவகை உறக்கம் உண்டென்பதை 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டவர்களுட் பெரும்பாலோர் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாக உரைத்தனர். இவ்வுறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வருகின்றது. முன்னிரவில் சில நிமிடங்களே நிற்பது, விடியல் நெருங்க நெருங்க நீள்கின்றது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்னும் நம்பிக்கை நம் நாட்டில் மிகப் பழையது. பலிக்குமா என்பது ஒருபுறமிருக்க, அந்நேரத்துக் கனவே நீண்டு, தெளிவுற்று, விழித்தபின்னும் நினைவில் நிற்பது என்பதில் ஐயமில்லை. கண்டதை நன்கு நினைவில் வைத்திருப்பவனுக்கே பலித்தது, பலிக்காதது என்று கணக்குப் பார்க்க இயலும். கடையாமக் கனவுக்கு நம் முன்னோர் தந்த மதிப்பின் வேர் இங்கே இருக்கின்றது.

இவ்வகை உறக்கத்தின்போது கை கால்களின் தசைகள் செயலற்றுத் தளர்ந்து கிடக்கும். கனவிற் செய்வதை உடல் செய்துவிடாதிருக்க இயற்கை இட்ட கட்டு அது. உடல் கட்டவிழாதிருக்கையில் அறிவு மட்டும் முந்தி விழித்துக்கொண்டால், மார்பின்மேல் யாரோ அமர்ந்து அழுத்துவதுபோலவும், குரல் எழுப்ப முடியாதது போலவும் தோன்றும். இதனையே நம் சிற்றூர்களில் ‘அமுக்குவான் பேய்’ என்பர். ஜப்பானியர் இதற்குக் ‘கனாஷிபாரி’ என்று பெயரிட்டனர். கனடாவின் நியூபவுண்டுலாந்துத் தீவினர் ஒரு கிழவி வந்து நெஞ்சின்மேல் ஏறி அமர்வதாகக் கூறினர். ஒருவரையொருவர் அறியாத மூன்று நாட்டு மக்கள் ஒரே அனுபவத்திற்கு மூன்று உருவங்களைக் கற்பித்துக்கொண்டனர். அது சில நொடிகளில் தானே நீங்கும் உடலின் நிலையேயன்றிப் பேயின் செயலன்று.

பருவந்தோறும் கனவு

பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி, கண்மணி அசையும் உறக்கமே. வளர்ந்தவர்க்கு அது நாலில் ஒரு பங்கினும் சற்றுக் குறையும். ஆயினும், குழந்தை பெரியவரைப்போல் கனவு காண்பதில்லை. டேவிட் பௌல்க்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் உறக்கக்கூடத்தில் வைத்து ஆராய்ந்து, 1982-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை எழுப்பிக் கேட்டபோது மிகச் சிலமுறையே கனவு என்று ஏதேனும் சொல்லின. சொன்னவையும் அசையாத படம் போன்றவை. அவற்றிற் பெரும்பாலும் விலங்குகளே வந்தன. ஐந்து வயதிற்குமேல் கனவில் அசைவும் கதையும் புகுகின்றன. ஏழெட்டு வயதை ஒட்டியே குழந்தை தன் கனவில் தானே ஒரு பாத்திரமாக நடமாடத் தொடங்குகின்றது.

நள்ளிரவில் வீறிட்டு அலறி, தாய் எடுத்தணைத்தும் அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் யாதொன்றும் நினைவின்றி எழுந்து விளையாடும் குழந்தைகளைப் பல இல்லங்களிற் காண்கின்றோம். இது கனவே அன்று. ஆழ்ந்த உறக்கத்தினின்று அரைகுறையாக எழும் நிலை. பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே மறையும். பாட்டிமார் நரசிம்மன் பெயரைச் சொல்லி முதுகைத் தடவிக்கொடுத்து மீண்டும் உறங்கவைக்கும் வழக்கம் நல்வழக்கமே. உலுக்கி எழுப்புவதும், காலையில் அதைச் சொல்லி அச்சமூட்டுவதும் ஆகா.

இளமையிலும் நடுவயதிலும் கனவின் கூட்டம் பெருகுகின்றது. கனடாவின் மூன்று நகரங்களைச் சேர்ந்த 1,181 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. யாரோ துரத்துவதாகக் காணும் கனவே அதில் முதலிடம் பெற்றது. உயரத்திலிருந்து விழுதல், பள்ளிக்கூடமும் பாடமும், நேரந்தவறிச் சென்று சேர்தல், ஒரே செயலை மீண்டும் மீண்டும் முயன்று தோற்றல், மாண்டவர் உயிரோடு வருதல், பாம்பு, பல் விழுதல், தீ, வானிற் பறத்தல் ஆகியன இத்தகைய ஆய்வுகளிற் காணும் பொதுக்கனவுகள். வேலையில் அமர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தேர்வுக்குப் படிக்காமற் சென்றதாகக் கனவு கண்டு திடுக்கிட்டு எழுவோர் எந்நாட்டிலும் உளர்.

முதுமையில் கனவை நினைவில் வைத்திருத்தல் குறைகின்றது. நினைவில் நிற்பவற்றிலோ முன்னே சென்றவர்கள் மிகுதியாக வருகின்றனர். வாழ்வின் இறுதி நாட்களிலிருந்த நோயாளிகளிடம் அமெரிக்காவின் பபலோ நகரில் நடத்திய ஆய்வொன்று 2014-இல் வெளியாயிற்று. இறப்பு நெருங்குந்தோறும் மாண்ட உறவினரைக் காணும் கனவுகள் மிகுவதையும், அவை பெரும்பாலும் ஆறுதல் தருவனவாக இருப்பதையும் அது கண்டது. “என் தாயார் வந்து அழைத்தார்” என்று முதியவர் ஒருவர் சொல்லும்போது வீட்டார் அஞ்சி அவரை அடக்குதல் தகாது. அச்சொல்லில் அவர் பெறும் ஆறுதலைக் காதுகொடுத்துக் கேட்டலே அவருக்குச் செய்யும் தொண்டாகும்.

நாடுதோறும் கனவு

1958-இல் அமெரிக்க மாணவர்களையும் ஜப்பானிய மாணவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று வெளியாயிற்று. மொழியும் சமயமும் உணவும் உடையும் வேறான அவ்விரு கூட்டத்தாரின் கனவுப் பொருள்கள் வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன. கால்வின் ஹால், வான் டி காஸில் என்னும் இருவர் ஆயிரம் கனவுகளைப் பகுத்தெண்ணி 1966-இல் ஒரு நூல் வெளியிட்டனர். கனவிலே நற்பேற்றினும் கேடே மிகுதியாக வருவதை அவர்கள் கண்டனர். ஆகவே, கெட்ட கனவு காண்பது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தீவினையன்று. மானிடப் பிறவியின் பொது இயல்பு.

உணர்ச்சி பொதுவாயினும் அதற்கு உருவம் தருவது அந்தந்த நாடு. பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர்க்குக் கனவும் ஒலியாலும் தொடு உணர்வாலும் மணத்தாலுமே அமைகின்றது. வாழ்வில் அறிந்த பொருளைக்கொண்டே கனவு வீடு கட்டுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் நாட்டு மங்கலக் கனவுகளில் யானை முன்னிற்பதன் காரணமும் இதுவே. புத்தரைக் கருவுற்ற மாயாதேவி வெள்ளை யானையைக் கண்டாள். மகாவீரரின் தாய் திரிசலை கண்ட கனவு வரிசையிலும் யானை உண்டு. வால்மீகி பாடிய திரிசடையின் கனவில் இராமபிரானும் பிராட்டியும் யானைமேல் எழுந்தருள்கின்றனர். கோதையின் கனவிலோ ஆயிரம் யானைகள் சூழ மணவாளன் வீதியில் நடந்து வருகின்றான்.

கனவுக்குப் பலன் எழுதும் வழக்கமும் உலகெங்கும் உள்ளது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்தியக் கனவு நூலொன்று, நல்லவை, தீயவை என்று பிரித்த பட்டியலாக லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. நம் நாட்டுச் சரக சம்ஹிதை இன்னும் நுட்பமாகச் செல்கின்றது. கண்டது, கேட்டது, நுகர்ந்தது, விரும்பியது, கற்பித்தது, வருவது உரைப்பது, வாத பித்த கபங்களின் மிகுதியால் எழுவது என்று கனவை ஏழாக வகுத்து, முதல் ஐந்தும் பலனற்றவை என்று ஒதுக்கிவிடுகின்றது. கனவெல்லாம் சகுனம் என்று கொள்வோர் இப்பழைய மருத்துவ நூலின் நிதானத்தை எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆன்றோர் கொள்கை

கனவு வெறும் பொய்யோ என்னும் வினா வேதாந்தத்திலும் எழுந்தது. உயிர்கள் உறங்கும்போதும் உறங்காதிருந்து ஒவ்வொன்றாகப் படைப்பவன் ஒருவன் உண்டென்று கடோபநிஷத்து கூறுகின்றது. இதனை அடியொற்றி, எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் கனவுப் பொருள்களைப் படைப்பவன் பரமாத்மாவே என்று நிலைநாட்டினார். அவை காண்பவன் ஒருவனுக்கு மட்டுமே உரியவை; காணும் பொழுதளவே நிற்பவை; அவனுடைய சிறு வினைகளின் பயனை நுகர்வித்துத் தீர்ப்பவை என்பது அவர் திருவுள்ளம்.

இக்கொள்கையில் பெரியதோர் ஆறுதல் அடங்கியிருக்கின்றது. கனவிற் பட்ட துன்பம் பொய்யென்று தள்ளப்படவில்லை. அழுதவன் அழுகை மதிக்கப்படுகின்றது. அதேவேளையில் அத்துன்பம் கனவோடு முடிந்தது. விழித்தபின் அது தொடர்வதில்லை. சஹஸ்ரநாமத்தில் 926-ஆவது திருநாமம் ‘துஸ்ஸ்வப்நநாசந:’ என்பது. தீக்கனவுகளை அழிப்பவன் என்பது பொருள். முதலையின் வாயிற்பட்ட யானையைக் காத்த கஜேந்திர மோட்சத்தைச் சொல்வோர்க்குத் தீக்கனவு நீங்கும் என்று ஸ்ரீமத் பாகவதமும் உரைக்கின்றது. மங்கலக் கனவில் வந்த யானை, தீக்கனவை நீக்கும் கதையிலும் வந்து நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

மணக்கனவும் ஊர் நம்பிக்கையும்

தென்பாண்டிச் சீமையின் ஊர்ப்புறங்களில் வழங்கும் நம்பிக்கை ஒன்று உண்டு. கனவில் கல்யாணம் கண்டால் ஆகாது; வீட்டிற் சாவு விழும். சாவைக் கண்டால் நல்லது நடக்கும். கனவின் பலன் தலைகீழாக நிகழும் என்னும் எண்ணத்திற் பிறந்த நம்பிக்கை இது. இதனால் மகளின் திருமணத்தைக் கனவிற் கண்ட தாய் மகிழ்வதற்குப் பதிலாக நாட்கணக்கில் நெஞ்சு கலங்குகின்றாள். எவரிடமும் சொல்லவும் அஞ்சுகின்றாள்.

இந்த ஊரிலேயே திருவவதரித்த பிராட்டி கண்டதோ முழுமையானதொரு கல்யாணக் கனவு. ஊரெங்கும் தோரணம் நாட்டப்படுகின்றது. இந்திரன் முதலிய தேவர் குழாம் வந்து பெண் பேசுகின்றது. துர்க்கை கூறைப்புடைவை உடுத்தி மாலை சூட்டுகின்றாள். நாற்றிசைத் தீர்த்தம் கொணர்ந்து தெளிக்கின்றனர்; காப்பு நாண் கட்டுகின்றனர். மத்தளம் கொட்டச் சங்கம் ஊதக் கைத்தலம் பற்றுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரி இடுதல், மஞ்சனமாட்டுதல் என்று ஒரு சடங்கும் விடுபடாமல் நிறைவேறுகின்றது. ஊரார் நம்பிக்கைப்படி இக்கனவு கண்டவள் வாய்மூடி அஞ்சியிருத்தல் வேண்டும். ஆண்டாளோ பத்துப் பாசுரங்களிலும் தோழியை விளித்து, தான் கண்ட கனவென்றே பறைசாற்றுகின்றாள். இதனை ஓத வல்லவர் நன்மக்களைப் பெற்று மகிழ்வர் என்று பதினொன்றாம் பாசுரத்திற் பலனும் கூறப்படுகின்றது. வைணவ இல்லத் திருமணங்களில் தேங்காய் உருட்டி, வாரணமாயிரம் ஓதி, அக்கனவையே மங்கலமாக இன்றளவும் போற்றுகின்றனர். கல்யாணக் கனவு அமங்கலம் என்று அஞ்சும் தாய்க்கு இதனினும் மேலான மறுமொழி வேறில்லை.

கனவு கண்ட மறுநாளே பிராட்டிக்கு மணம் கூடிவிடவுமில்லை. அடுத்து வரும் திருமொழிகளில் சங்கைக் கேட்கின்றாள், மேகங்களைத் தூதுவிடுகின்றாள், பிரிவாற்றாது வாடுகின்றாள். கனவைப் பிடித்துக்கொண்டு வாளாவிராமல், விழிப்பில் செய்யவேண்டியதைச் செய்துகொண்டேயிருந்தாள். திருப்பாவையில் உறங்கும் தோழியரை வாசல்தோறும் சென்று எழுப்பியவளும் இவளே. உறக்கத்தில் வந்ததைத் தோழிக்குச் சொன்னவள், தோழியரை உறக்கத்தினின்று எழுப்பவும் செய்தாள்.

தீயைக் காணும் கனவு

பிராட்டியின் கனவில் தீ மணச்சான்றாக வலம்வரப்படுகின்றது. இத்திருக்கோயிலுக்குச் சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள சிவகாசி வட்டாரத்தில் தீ பிழைப்பாகவும் பேரச்சமாகவும் இருக்கின்றது. மழை பொய்க்கும் இக்கரிசல் பூமியில் 1923-இல் தீப்பெட்டித் தொழிலும், 1940-களில் பட்டாசுத் தொழிலும் வேரூன்றின. நாட்டில் எரியும் பட்டாசில் பெரும்பங்கு இங்கேதான் உருவாகின்றது. தீபாவளியன்று பிறர் வீட்டுக் குழந்தைகள் மகிழ, மருந்து அறைகளில் இங்குள்ள ஆடவரும் பெண்டிரும் ஆண்டு முழுவதும் உழைக்கின்றனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிறு விபத்துகளுக்குக் கணக்கில்லை.

இவ்வட்டாரத்தார் கனவில் தீ வருவதில் வியப்பில்லை. தீக்கனவு உலகப் பொதுக்கனவுகளுள் ஒன்றே. வேலைக்குப் புறப்படுமுன் அத்தகைய கனவு கண்டவர் அதனைத் தம் சாவோலை என்று கருதவேண்டியதில்லை. பகலில் நெஞ்சில் அடக்கிய அச்சம் இரவில் தலைதூக்கியது, அவ்வளவே. அந்த அச்சத்தை விழிப்பிற் பயன்படுத்துதல் அறிவுடைமை. உராய்வு தவிர்த்தல், வெயில் ஏறுமுன் மருந்து கலத்தல், அறைக்கு விதித்த அளவினும் மருந்தும் ஆளும் மிகாதிருத்தல் ஆகிய கட்டுப்பாடுகளே உயிர் காப்பவை. கனவுப் பலன் பார்த்து ஒருநாள் வேலைக்குப் போகாதிருப்பதனால் மறுநாள் ஆபத்து குறைந்துவிடாது.

ஆயினும் இதனின்று வேறுபட்ட கனவு ஒன்று உண்டு. விபத்தை நேரிற் கண்டு தப்பியவர்க்கும், உடன் வேலைசெய்தவரை இழந்தவர்க்கும் அந்நிகழ்ச்சியே, அதே ஓசையும் அதே புகையுமாக, மாறாமல் இரவுதோறும் வரும். வியர்த்து விழிப்பர், மீண்டும் உறங்க அஞ்சுவர், தீக்குச்சி உரசும் ஓசைக்கும் நடுங்குவர். கனவு ஆபத்தைச் சமாளிக்க மனம் செய்யும் ஒத்திகை என்பது பின்லாந்து நாட்டு அறிஞர் ரெவொன்சுவோ 2000-இல் வெளியிட்ட கருத்து. போரின் கொடுமையை அனுபவித்த குர்து இனக் குழந்தைகளையும், அமைதியில் வளர்ந்த பின்லாந்துக் குழந்தைகளையும் 2005-இல் ஒப்பிட்டபோது, கொடுமை கண்ட குழந்தைகளின் கனவில் ஆபத்து எண்ணிக்கையிலும் கடுமையிலும் மிகுந்திருந்தது. விபத்துக்குப் பின் சில வாரங்கள் இத்தகைய கனவு வருதல் இயல்பே. ஒரு மாதம் கடந்தும் தணியாமல் உறக்கத்தையும் உழைப்பையும் கெடுக்குமாயின், அது கையிற் பட்ட தீப்புண்ணைப் போலவே மருத்துவம் வேண்டும் புண்ணாகும். அதனைப் பேய்க்கோளாறு என்று மறைப்பதும், கோழைத்தனம் என்று நகைப்பதும் பெருந்தவறு.

இதற்கு மருத்துவம் உண்டு. 2001-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு ஒரு முறையை விளக்குகின்றது. துன்புறுத்தும் கனவைப் பகலில் எழுதச் செய்வர். பின் அதன் போக்கைத் தாம் விரும்பியவாறு மாற்றி எழுதச் செய்வர். மாற்றிய கனவை நாள்தோறும் சிறிது நேரம் மனத்தில் ஓட்டிப்பார்க்கச் சொல்வர். இவ்வாறு பயின்றவர்க்குக் கொடுங்கனவு குறைந்து உறக்கம் மேம்பட்டது.

இம்முறையைப் படிப்போர்க்கு அசோகவனம் நினைவுக்கு வருதல் கூடும். உறக்கமே இல்லாத சீதைக்குக் கனவும் இல்லை. அவளுக்காகத் திரிசடை கனவு கண்டாள். இராவணன் எண்ணெய் பூசிக் கழுதைத் தேரேறித் தென்திசை செல்லக் கண்டதைச் சொல்லிவந்தவள், பிராட்டி தன்னை எழுப்பியதால் கனவு முடியவில்லை என்கிறாள். அப்போது பிராட்டி கைகூப்பி, மீண்டும் உறங்கி அதன் எஞ்சிய பகுதியையும் காணுமாறு வேண்டியதாகக் கம்பநாட்டாழ்வார் பாடியருளினார். துயரத்தின் நடுவே நின்ற கனவுக்கு நல்ல முடிவு ஒன்று இருக்கக்கூடும் என்று நம்பி, அதனைத் தேடிச் செல்லும் நெஞ்சம் அது. நெருப்போடு நின்றுவிட்ட கனவைக் கண்டவருக்கும் அந்நம்பிக்கையே தேவை.

தோழியிடம் சொல்லுதல்

பிராட்டியின் கனவில் ஒரு தோழி இருக்கின்றாள். அவள் பெயர் தெரியாது. அவள் கூறிய மறுமொழியும் தெரியாது. அவள் பலன் சொல்லவில்லை, பரிகாரமும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். சீதைக்கு ஒரு திரிசடை வாய்த்தாள். கோதைக்கு ஒரு தோழி வாய்த்தாள். தனித்துக் கிடந்த வில்லிக்குக் கனவிலே எம்பெருமானே வந்து பேசினான்.

ஒவ்வொரு வீட்டிலும் இத்தோழியின் இடத்தில் ஒருவர் இருத்தல் வேண்டும். குழந்தை சொல்லும் கனவைத் தாய் கேட்கலாம். கணவன் சொல்லாது மறைக்கும் கனவை மனைவி கேட்டறியலாம். மாண்டவர் வந்தார் என்னும் முதியவர் அருகே பேரன் சற்று அமரலாம். அதற்கும் அடங்காத தீக்கனவாயின் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முகமறியாத அந்தக் குரலும் அவ்வேளைக்கு ஒரு தோழியே.

ஆடிப்பூர உற்சவத்தின் ஏழாந் திருநாளன்று கிருஷ்ணன் கோயிலில் ரங்கமன்னார் ஆண்டாளின் மடியில் சயனித்திருக்கும் கோலத்தைச் சேவிக்கலாம். உலகம் உறங்க விழித்திருப்பவன் அன்று துயில்கொள்ள, கனாக் கண்டவள் விழித்திருந்து காக்கின்றாள். அன்பர் கூட்டத்தில் நின்று அக்கோலத்தைக் காணும் சிவகாசித் தொழிலாளி, கண்மூடினால் தீ தோன்றுகின்றதே என்று ஏங்குபவராயின், அவர் அருகில் நிற்பவர் அன்றிரவு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்: “நேற்று என்ன கனாக் கண்டீர்?” அதைப் பொறுமையோடு கேட்டிருப்பது தேர்வடம் பிடிப்பதற்கு ஒப்பான கைங்கரியமாகும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.